அமெரிக்கக் கச்சேரிக்கு விசா: கலைஞர்கள் சறுக்கும் இடங்கள்

"கையில்தான் பத்து வருட பி1/பி2 (B1/B2, வணிக, சுற்றுலாப் பயண) விசா இருக்கிறதே, நாலு ஊரில் பாடிவிட்டு வந்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தொழில்முறைக் கலைஞர் மேடையேற அந்த விசா ஆகாது. "சம்பளமே வாங்கவில்லை, டிக்கெட் செலவு மட்டும்தான்" என்ற சமாதானமும் எடுபடாது. பணம் எவ்வளவு, யார் கொடுத்தார்கள் என்பதை வைத்து இந்த விதி மாறுவதில்லை. போதாததற்கு, நிகழ்ச்சி போஸ்டரை அமைப்பாளர்களே முகநூலில் போட்டு ஆதாரத்தைக் காட்டிக்கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது, எந்த விசா என்பதில் வரும் குழப்பம். தனிநபர் திறமைக்கு ஓ-1பி (O-1B). சர்வதேசப் பெயர் பெற்ற குழுவுக்கு பி-1பி (P-1B; மேலே சொன்ன B1 அல்ல); அதில் முக்கால்வாசிப் பேராவது ஒரு வருடமாகக் குழுவில் இருந்திருக்க வேண்டும். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், தெருக்கூத்து போன்ற மரபுக் கலைகளுக்கென்றே பி-3 (P-3) இருக்கிறது. ஓ-1 மூன்று வருடம் வரை கிடைக்கும், பி-3 ஒரு வருடம்தான். அதனால், கௌரவத்துக்காகவும் சிலர் ஓ-1தான் வேண்டும் என்று நிற்பார்கள். ஆறு வாரச் சுற்றுப்பயணத்துக்கு அது தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சினிமா, டிவி வேலைக்கு ஓ-1பி கேட்பவர்களுக்கு அளவுகோல் இன்னும் கடுமை. தொழிற்சங்கம், தயாரிப்பாளர் தரப்பு அமைப்பு இரண்டிடமிருந்தும் கருத்துக் கடிதம் வேண்டும்.

எதுவானாலும், விசாவுக்கு முன் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கேட்டு ஒரு மனுப் போட வேண்டும்; அதை நீங்களே போட முடியாது. ஐ-129 (I-129) என்ற அந்த மனுப் படிவத்தை அமெரிக்காவில் உள்ள நிறுவனமோ ஏஜென்டோதான் தாக்கல் செய்ய வேண்டும். பல ஊர்களில் பல அமைப்பாளர்கள் என்றால் ஏஜென்ட் வழியே சௌகரியம். அதற்கு ஒப்பந்தங்களும் தேதிவாரியான பயணத் திட்டமும் கேட்பார்கள். காலி வாரங்களை நிரப்ப இல்லாத கச்சேரியை எழுதிவிடாதீர்கள். பொய் என்று தெரிந்தால் அமெரிக்கா போகவே ஆயுள் தடை வரலாம்.

அதிகம் அடிவாங்குவது, மனுவோடு இணைக்கும் ஆதாரக் கோப்பில்தான். "இவர் அருமையான பாடகர், பண்பானவர், எனக்கு இருபது வருடப் பழக்கம்" என்று பெரிய வித்வானே எழுதிக் கொடுத்தாலும் பயன் குறைவு. எந்த வருடம், எந்த சபா, எந்த இடத்தில் பிரதானக் கச்சேரி, அந்த இடம் எளிதில் கிடைக்காதது ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். கலைமாமணி என்று ஒற்றை வரி போட்டால் படிக்கும் அதிகாரிக்கு என்ன புரியும்? தமிழக அரசு தரும் விருது, யார் தேர்ந்தெடுக்கிறார்கள், இதற்கு முன் யார் யார் வாங்கினார்கள் என்று ஒரு பக்கம் சேருங்கள். பத்திரிகை விமர்சனத்தை வெட்டி ஒட்டும்போது பத்திரிகைப் பெயரும் தேதியும் போய்விடுகின்றன. முழுப் பக்கத்தையே ஸ்கேன் செய்யுங்கள். தமிழில் உள்ளதற்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் வேண்டும். சுருக்கம் செல்லாது. யூடியூப் பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்பி மனுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் கூட வருபவர்கள். ஓ-1 கலைஞரின் துணைக் கலைஞர்களுக்கு ஓ-2 என்று தனி மனு வேண்டும். "மனைவி சும்மாதானே வருகிறார், தம்புரா போடட்டும்" என்பதும் ஆகாது. ஓ-3 (O-3), பி-4 (P-4) குடும்ப விசாவில் வேலைக்கு அனுமதி இல்லை. பெரிய குழு என்றால், 2024 ஏப்ரலிலிருந்து ஒரு மனுவில் 25 பெயர்தான்.

ஒரு வருடம் முன்பே மனுப் போடலாம் என்றிருக்க, பலர் ஹால் பதிவு செய்து டிக்கெட் விற்ற பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். ஆனால் அந்தப் பதில் "இன்னும் ஆதாரம் அனுப்பு" என்றும் இருக்கலாம். ஒப்புதல் வந்தாலும் பாஸ்போர்ட்டில் விசா இல்லை. அதற்கு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க வேண்டும். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.