ஆரல்வாய்மொழிக் காற்றும் அம்பாசடர் கார்புரேட்டரும்: பழைய காருக்கு கார்புரேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் கார் ஓட்டிப் போயிருந்தால் உங்களுக்கே தெரியும். தோவாளை வரைக்கும் சாதுவாக இருந்த காற்று, ஆரல்வாய்மொழியில் இரண்டு பக்கமும் மலை நெருங்கியதும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். அகலமாக வந்த தென்மேற்குக் காற்று இடுக்கான கணவாய்க்குள் நுழைந்ததும் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குள்ளும் ஒரு ஆரல்வாய்மொழி உண்டு. அதன் பெயர் வென்சுரி. எஞ்சின் இழுக்கிற காற்று அந்த இடுக்கில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் மிதவைத் தொட்டியில் இருக்கும் பெட்ரோலை ஜெட் என்ற அளவெடுத்த சின்னத் துளை வழியாக உறிஞ்சி, பூந்தூறலாகக் காற்றில் கலக்கிறது. மலைகளை இன்னும் அகலமாகத் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? காற்று நிறையப் போகும், ஆனால் காற்றாலை சுற்றாது. பெரிய கார்புரேட்டர் மாட்டிய சின்ன எஞ்சினின் கதையும் அதுதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது 1978 அம்பாசடர் மார்க் 3. இழுவை போதவில்லை என்று, பழைய சாமான் கடை ஒன்றில் பெரிய எஞ்சினிலிருந்து கழற்றிய இரட்டை வாய் (காற்று நுழையும் வழி இரண்டு உள்ள) கார்புரேட்டரை வாங்கி, அடாப்டர் தகடு வெட்டி மாட்டினேன். காலியான ரோட்டில் நன்றாகத்தான் இருந்தது. மார்த்தாண்டம் நெரிசலில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். மைலேஜ் பத்திலிருந்து ஆறரைக்கு வந்தது. என் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வாயைப் பெருசாக்குனா வயிறு பெருசாவாதுல்லா மக்கா.” நான் ஒன்றும் பேசவில்லை.

படி 1: குற்றவாளி கார்புரேட்டர்தானா?

புதிதாக வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முதலில் டேப்பட் (வால்வு) இடைவெளி, பிளக், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடர்பு) எல்லாவற்றையும் பாருங்கள். அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.35 முதல் 0.4 மி.மீ. பாயிண்ட் தேய்ந்த வண்டியில் வரும் மிஸ்ஸிங்கும் (எஞ்சின் இடையிடையே திக்குவது), பெட்ரோல் பற்றாமல் வரும் மிஸ்ஸிங்கும் புதிதாகப் பழகுபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் எந்தக் கார்புரேட்டரும் அதைச் சரிசெய்யாது.

அடுத்து திராட்டில் ஷாஃப்ட், அதாவது ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகட்டின் தண்டு. ஆக்சிலேட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அந்த இடைவெளி வழியாகக் கணக்கில்லாத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிற்காமல் ஏறி இறங்குவதற்கு இது பெரிய காரணம். நல்ல லேத் பட்டறையில் பித்தளை புஷ் போட்டால் சரியாகிவிடும். புதுக் கார்புரேட்டர் விலையில் இது சின்னப் பங்குதான்.

மூன்றாவது, கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் அடித்தட்டு. நாற்பது வருடமாக ஆளாளுக்கு ஸ்பேனர் போட்டு முறுக்கி முறுக்கி, இரண்டு ஸ்டட் (நட்டு மாட்டும் கம்பி) பக்கமும் வளைந்து போயிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைவு இருக்கிறது. கழற்றாமல் பார்க்க வேண்டுமா? எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் எடுத்து அடித்தட்டின் கீழிருக்கும் பேக்கிங் சுற்றி லேசாகத் தூவுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே ஏர் இழுக்கிறது. சிலர் இதைப் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பைப்புக்கு ஒரு சாண் மேலே பெட்ரோல் ஊற்றுவது தைரியம் இல்லை, மடத்தனம்.

இதெல்லாம் பார்த்தும் கார்புரேட்டரின் உடம்பே விரிசல் விட்டிருக்கிறது, உள்ளே வெள்ளைப் பொடியாக அரித்துப்போயிருக்கிறது என்றால் அடுத்த படிக்கு வாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வண்டி நிற்பவர்களுக்கு இந்த அரிப்பு சீக்கிரமே வரும்.

படி 2: உங்கள் எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். ஆகவே கணக்கு சுலபம்: எஞ்சின் லிட்டர் அளவைப் பாதியாக்கி, அதிகபட்ச ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்குங்கள். எந்த எஞ்சினும் முழு நெஞ்சுக்கு இழுக்காது. பழைய சாலைக் கார்களுக்கு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. 5000 ஆர்.பி.எம். என்று தாராளமாகவே வைத்தாலும் நிமிடத்துக்கு சுமார் 2980 லிட்டர் காற்று. 28.3 லிட்டர் ஒரு கன அடி. அப்படியானால் 105 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி.க்கு இதே கணக்கில் 77. ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 948 சி.சி.க்கு 67.

இப்போது யூடியூபில் அமெரிக்கர்கள் “600 சி.எஃப்.எம். போடு” என்று சொல்வது ஏன் நமக்கு ஆகாது என்று புரிந்திருக்கும். அவர்கள் பேசுவது 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பற்றி. இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அங்கே நாலு வாய் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளப்பார்கள், இரண்டு வாயை 3 அங்குலத்தில். இரண்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

படி 3: மலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது?

நம் ஊரில் கிடைக்கும் சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்களின் மேல் சி.எஃப்.எம். எழுதியிருக்காது. 32 என்று வார்த்திருந்தால் அது திராட்டில் துளையின் விட்டம், மி.மீ. கணக்கில். கடைக்காரர் சொல்வதும் இந்த எண்ணைத்தான். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வென்சுரியின் விட்டம். ஒரே 32 உடம்புக்குள் வெவ்வேறு வென்சுரி இருக்கலாம்.

பழையதைக் கழற்றி வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். புதியது அதற்கு ஒன்றிரண்டு மி.மீ.க்குள் இருக்கட்டும். ஒன்றிரண்டு மி.மீ.யில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் நினைத்தவன்தான். 24 மி.மீ. வென்சுரியை 28 ஆக்கினால் விட்டம் நாலே நாலு மி.மீ. கூடுகிறது, பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே எஞ்சின், அதே 1500 ஆர்.பி.எம்., முழு மிதியில் 24க்குள் காற்று நொடிக்கு சுமார் 33 மீட்டர் வேகத்தில் போகும். 28க்குள் 24 மீட்டர்தான். பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இழுப்பு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. நான் மார்த்தாண்டத்தில் நொடி நொடியாகச் செத்தது இதனால்தான்.

இங்கே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வண்டி எங்கே ஓடப்போகிறது? தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை சாலையில் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளைவும் ஏற்றமும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வண்டி மூன்றாம் கியரில், 30க்கும் 50க்கும் நடுவே வாழ்கிறது. காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினால்தான் எஞ்சினுக்கு முழு மூச்சு தேவைப்படும். அந்த அரை மணி நேர சுகத்துக்காக மற்ற நாளெல்லாம் திக்கித் திணற வேண்டுமா? இரண்டு அளவுக்கு நடுவே சந்தேகம் வந்தால் நான் சின்னதைத்தான் எடுப்பேன்.

படி 4: எந்த வகை?

ஒற்றை வாய், நிலையான வென்சுரி: சோலெக்ஸ் குடும்பம். எஞ்சினை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

இரட்டை வாய், படிப்படியாகத் திறப்பது: வெபர் 32/36 இதற்குப் பேர்போனது. சின்ன வாய் முதலில் திறக்கும், பெடலை ஆழமாக மிதித்தால்தான் பெரியது திறக்கும். நெரிசலுக்கு ஒன்று, நாலுவழிச் சாலைக்கு ஒன்று. ஹெட் வேலை, பெரிய வால்வு, கேம் மாற்றம் எல்லாம் செய்த எஞ்சினுக்கு நியாயமான தேர்வு. இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறக்கும் வகையும் உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது லீவரைக் கையால் திருப்பிப் பாருங்கள்.

எஸ்.யூ. வகை பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும். இதில் பிஸ்டன் ஒன்று ஏறி இறங்கி, காற்றுக்குத் தக்கபடி இடுக்கைத் தானே கூட்டிக் குறைக்கும். ஆரல்வாய்மொழியில் மலை நகர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி! எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஆனால் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசி, பிஸ்டன் துள்ளாமல் பிடிக்கும் டேஷ்பாட் எண்ணெய் என்று பழக்கம் வேண்டும்.

மாருதி 800 கார்புரேட்டரைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது 796 சி.சி.க்கு, மூன்று சிலிண்டருக்கு அமைந்தது. ஜெட் முழுவதும் மாற்றி அமைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் வேண்டாம்.

படி 5: உட்காருமா?

ஸ்டட் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கூடவே பார்க்க வேண்டியவை: பானெட் மூடுமா, ஏர் ஃபில்டர் உட்காருமா, ஆக்சிலேட்டர் கம்பியும் சோக் ஒயரும் எட்டுமா. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய்க்குத் துளை இருக்கிறதா என்று பலர் பார்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் பாதி மிதியில் டைமிங் முன்னேறாது, மைலேஜ் போய்விடும்.

புதுக் கார்களின் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) பம்ப் சுமார் 3 பார் அழுத்தம் தரும். கார்புரேட்டரின் மிதவை ஊசி (தொட்டி நிறைந்ததும் பெட்ரோலை அடைப்பது) தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். பழைய மெக்கானிக்கல் பம்பே போதும்.

படி 6: ஜெட்டும் இன்றைய பெட்ரோலும்

நம் கார்கள் பிறந்தபோது பெட்ரோலில் எத்தனால் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு, இந்தக் கலவைக்கு 13.5 பக்கம் வந்துவிடுகிறது.

சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் 125 என்றிருந்தால் துளை 1.25 மி.மீ. அதை 130 ஆக்கினால் பரப்பு 8 சதவீதம் கூடும்; எத்தனால் கேட்பதும் ஏறக்குறைய அதுதான். ஒரே தாவலில் 140க்குப் போகாதீர்கள். ஊசி விட்டுத் துளையைப் பெரிதாக்கும் வேலையும் வேண்டாம். அப்புறம் ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், பேக்கிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் மிதவைத் தொட்டியைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

படி 7: மாட்டியபின்

எஞ்சினைச் சூடாக்கியபின்தான் ட்யூனிங். மிக்ஸ்சர் ஸ்குரூவை (ஐட்லிங் கலவையைச் சரிசெய்வது) மெதுவாக முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் எங்கே சீராகவும் வேகமாகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐட்லிங் ஸ்குரூவைக் குறையுங்கள். உள்ளே திருகும்போது அழுத்தினால் ஸ்குரூவின் கூர்முனை நசுங்கும், ஜாக்கிரதை.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். என் சோதனைப் பாதை எப்போதும் ஒன்றுதான்: நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகக் குலசேகரம், திரும்பி வந்து நேரே ஆரல்வாய்மொழி. முதல் பாதியில் பிக்கப் திக்கினால் ஸ்லோ ஜெட்டையும் (குறைந்த வேகத்துக்கான ஜெட்) ஆக்சிலேட்டர் பம்பையும் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் தருவது) பார்க்க வேண்டும். இரண்டாம் பாதியில் நீண்ட மிதிப்பில் தும்மினால் மெயின் ஜெட் சின்னது. கரும்புகை விட்டால் பெரியது. கணவாயிலிருந்து திரும்பும்போது காற்று எதிரே அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஒருநாள், வண்டி இழுக்கவில்லை என்று ஜெட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டு, மூன்றாவது தடவைதான் கவனித்தேன், ரோட்டோரப் பனைகள் எல்லாம் என் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

300 கிலோமீட்டர் ஓடியபின் அடி நட்டுகளை ஒரு தடவை பாருங்கள். புதுப் பேக்கிங் அமுங்கித் தளர்ந்திருக்கும். மாற்றி மாற்றி, சின்ன ஸ்பேனரால், கால் சுற்று மட்டும் இறுக்குங்கள்.