உப்புநீர் ஃப்ளை ரீல்: டிராக் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கும் இடங்கள்

ஃப்ளை ரீல் (செயற்கை ஈ கட்டிய தூண்டிலின் லைனைச் சுற்றிவைக்கும் சக்கரம்) விளம்பரம் எதை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரே மாதிரியான வரி: "30 பவுண்டு டிராக், கார்பன் ஃபைபர், முழுக்க சீல் செய்தது." கடலுக்கென்று ரீல் வாங்குபவர்களில் பாதிப்பேர் இந்த வரியைப் பார்த்தே பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். டிராக் என்பது, மீன் லைனை இழுத்து ஓடும்போது லைன் சுற்றிய ஸ்பூலை உரசித் தடுக்கும் பிரேக். அது உண்மையில் ஒரு பொருள் அல்ல, ஒரு ஜோடி. கார்க் என்றால் எதன்மீது உரசுகிற கார்க்? கார்பன் என்றால் கிரீஸோடு ஓடுவதா, காய்ந்து ஓடுவதா? சூடு எந்த வழியாக வெளியே போகிறது, உப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது? இந்தக் கேள்விகளைத் தாண்டி விலைச்சீட்டுக்குப் போவதுதான் முதல் சறுக்கல்.

பவுண்டு எண்ணுக்கு மயங்குவது

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் ஆழமில்லாத கடல் திட்டுகளில் போன்ஃபிஷ், பெர்மிட் மீன்களைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் 8 முதல் 10 வெயிட் ராடும் (வெயிட் என்பது தூண்டில் கம்பின் பலத்தைக் குறிக்கும் எண்) 12 முதல் 16 பவுண்டு டிப்பெட்டும் (லைனின் கடைசியில் கட்டும் மெல்லிய இழை) வைத்திருப்பார்கள். டிப்பெட் அறுகிற எடையில் கால்வாசிக்கு மேல் டிராக்கை இறுக்குவதில்லை. 16 பவுண்டு என்பது 7.3 கிலோ, அதில் கால்வாசி 1.8 கிலோ. சர்வதேச விளையாட்டு மீன்பிடிக் கழகமான ஐ.ஜி.எஃப்.ஏ. ஃப்ளை சாதனைகளுக்கு ஏற்கும் மிகக் கனமான டிப்பெட் வகுப்பே 20 பவுண்டுதான். அதற்கும் இரண்டேகால் கிலோ டிராக் போதும். 30 பவுண்டு என்பது பதின்மூன்றரைக் கிலோ. அந்த எல்லையை எப்போது தொடப்போகிறீர்கள்?

செஷல்ஸின் பவளத் திட்டுகளில் பெரும் பாறை மீனை (ஜயன்ட் ட்ரெவாலி; அங்கே எல்லோரும் ஜி.டி. என்பார்கள்) பிடிப்பது வேறு ஆட்டம். 100 பவுண்டைத் தாண்டிய லீடர் (லைனின் நுனியில் கட்டும் இழை) கட்டி, மீன் பவள விளிம்புக்குள் நுழையாமல் தடுத்தாக வேண்டும். அங்கே அதிகப் பிடிப்பு தேவைதான். ஆனாலும் வளைந்த ராடோடு நின்று 5 கிலோ இழுவையைத் தாங்கிப் பிடிப்பதே பெரும்பாடு.

கவனிக்க வேண்டியது பவுண்டு அட்டவணையின் மறுமுனை. அரைக் கிலோவில் வைத்தால் டிராக் எப்படி ஓடுகிறது, அரையிலிருந்து இரண்டு கிலோவுக்குப் போக டிராக்கை இறுக்கும் திருகை எவ்வளவு சுற்ற வேண்டும் என்று பாருங்கள். கால் சுற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும் ரீலில், மீன் ஓடும்போது பதற்றத்தில் விரல் ஒரு நூல் அதிகம் திருகினாலும் டிப்பெட் போய்விடும்.

அசையத் தொடங்கும் கணத்தை அளக்காமல் வாங்குவது

நின்றிருக்கும் வண்டியைத் தள்ளிக் கிளப்பத்தான் அதிக பலம் வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் சுலபம். டிராக்கும் அப்படியே. ஸ்பூல் அசையத் தொடங்கத் தேவையான இழுவைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள இழுவைக்கும் வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். பொருளின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஸ்பூல் வெட்டி வெட்டி ஓடும், ஒவ்வொரு வெட்டும் முடிச்சில் போய் விழும். போன்ஃபிஷ் ஒரே ஓட்டமாக ஓடாது, நின்று நின்று கிளம்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இந்தச் சோதனை புதிதாக நடக்கிறது.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஓர் அளவுக் குவளையும் போதும். ரீலை ராடின் அடிப்பகுதியில் மாட்டி, மேசை விளிம்பில் அசையாமல் கட்டுங்கள். லைன் ஸ்பூலிலிருந்து நேராகக் கீழே தொங்கட்டும். பாட்டிலில் ஒரு லிட்டர் ஊற்றித் தொங்கவிட்டு, அது விழாமல் நிற்கும் அளவுக்கு டிராக்கை இறுக்குங்கள். பிறகு 50 மில்லியாக, குலுக்காமல் ஊற்றிக்கொண்டே வாருங்கள். பாட்டில் நகரத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,200 மில்லி என்று வைப்போம். அடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் லைனைக் கையால் லேசாக இழுத்துக் கிளப்பிவிட்டுப் பாருங்கள். கிளப்பிய பிறகு நிற்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும் கடைசி அளவு 1,050 மில்லி என்றால் வித்தியாசம் 150. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம்; ஆக ஓட்ட இழுவையைவிடத் தொடக்க இழுவை ஏறக்குறைய 14 சதவீதம் அதிகம். பத்துக்குள் இருந்தால் அருமையான ரீல். 25-ஐத் தாண்டினால் மெல்லிய டிப்பெட்டுக்கு அது ஆகாது, உள்ளே என்ன பொருள் இருந்தாலும்.

இதையே மூன்று தடவை செய்யுங்கள்: காய்ந்த நிலையில் ஒருமுறை, ரீலை நனைத்தபின் ஒருமுறை, டிராக்கை இறுக்கியபடி ஓர் இரவு விட்டு மறுநாள் காலையில் ஒருமுறை. மழையில் நனைந்த டிரம் பிரேக் முதல் மிதியில் பிடிக்காமல் போய், அடுத்த மிதியில் சடாரென்று கவ்வுமே, அந்தக் குணம் டிராக்கில் இருந்தால் இரண்டாவது சோதனையில் வெளிப்பட்டுவிடும். மூன்றாவது சோதனையில் சீல் செய்த ரீல்கள் பலவும் கொஞ்சம் தடுமாறும். இரவெல்லாம் அசையாமல் இருந்த ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தன் இருக்கையில் ஒட்டிக்கொள்வதே காரணம். அதனால்தான் படகில் ஏறியதும் நாலைந்து மீட்டர் லைனை இழுத்துவிட்டுப் பிறகு வீச ஆரம்பிக்கிறார்கள்.

பொருளின் பேரை மட்டும் பார்ப்பது

ஒரு சின்னக் கணக்கு. ஸ்பூலில் லைன் இருக்கும் ஆரம் 5 செ.மீ., தேவையான இழுவை 1.5 கிலோ. டிராக் தட்டின் உரசல் ஆரம் 2.5 செ.மீ. என்றால் தட்டில் 3 கிலோ உராய்வு கிடைக்க வேண்டும். உராய்வு எண் 0.3 உள்ள ஒரு பொருளுக்கு இதற்கு 10 கிலோ அழுத்தம் போதும். டெஃப்ளான் போல 0.1 அளவில் இருப்பதற்கு 30 கிலோ அழுத்தம் வேண்டும்.

டெஃப்ளானின் தொடக்கமும் ஓட்டமும் ஏறக்குறைய ஒன்று, அது அதன் பெரிய பலம். ஆனால் அழுத்தத்தில் அது மெல்ல மெல்லப் பிதுங்கும். ஒற்றை டெஃப்ளான் வாஷரை வைத்து, 30 கிலோவை அதன் தலையில் ஏற்றும் மலிவு ரீலில் காலையில் வைத்த டிராக் மதியத்துக்குள் தளர்ந்துவிடுவது இதனால்தான். டெஃப்ளானில் நிரப்பிகளைக் கலந்து பிதுங்கலைக் குறைத்த ரூலான் வேறு கதை. ஹேட்ச் நிறுவனத்தின் ரீல்களில் ரூலானும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆறு உரசல் முகங்கள் இருந்தால் அதே 30 கிலோ வேலையை 5 கிலோ அழுத்தத்தில் வாங்கிவிடலாம். ஆக "டெஃப்ளான் வகையா, ஐயோ வேண்டாம்" என்பதும் தவறு, "டெஃப்ளான் வழுவழுப்பானது, எடுத்துக்கொள்" என்பதும் தவறு. எத்தனை முகங்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு நம்பிக்கை, தட்டு பெரிதானால் பிடிப்பும் பெரிதாகும் என்பது. பரப்பு கூடுவதால் மட்டும் உராய்வு கூடாது. தேய்மானம் குறையும், சூடு பரவும், அவ்வளவுதான்.

கார்பன் ஃபைபரைப் பற்றி: சூடு தாங்கும், நனைந்தாலும் குணம் அதிகம் மாறாது, தேய்மானமும் குறைவு. ஆனால் கார்பன் தகடு என்பது கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கிய துணி. அதன் மேல்முகம் எவ்வளவு சீராக இழைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன. காய்ந்து ஓடும்படி வடிவமைத்த கார்பனுக்குக் கிரீஸ் தடவினால் பிடிப்பு குறையும். கிரீஸோடு ஓட வேண்டியதைத் துடைத்து வைத்தால் வெட்டி ஓடும். கையேட்டில் இருப்பதை அப்படியே செய்யுங்கள்.

கார்க்கைப் பழசு என்று ஒதுக்குவது

டார்பன் போல 50 கிலோவுக்கு மேல் வளரும் மீனை ஃப்ளோரிடாவில் பல பத்தாண்டுகளாகப் பிடித்துக் கொடுத்துவருவது கார்க் டிராக். டெட் யுராசிக் உருவாக்கிய டிபோர் ரீல்கள், ஏபெல் நிறுவனத்தின் சூப்பர் வரிசை எல்லாம் இந்த வழி வந்தவையே. கார்க் முழுக்க நுண்ணிய காற்று அறைகள். திருகை இறுக்கும்போது அது உடனே முட்டி நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொடுக்கும். அதனால் டிராக் ஏறும் விதம் மென்மையாக இருக்கும், தொடக்கமும் நன்றாக இருக்கும். ஸ்பூலைக் கழற்றினால் கார்க் கண்ணுக்குத் தெரியும். துடைக்கலாம், பார்க்கலாம், கோளாறு என்றால் அங்கேயே சரிசெய்யலாம். படகில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது, சீல் செய்த ரீல் கடலில் இறுகிப்போனவருக்குப் புரியும்.

கார்க்கில் நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் பராமரிப்புக் கோளாறுகள். டிராக்கை இறுக்கியபடியே மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் கார்க் அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் திருகை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். மணல் துகள் ஒன்று பதிந்தாலும் எதிர்த் தட்டில் வட்டமாகக் கோடு விழும். எண்ணெய் என்றால் தயாரிப்பாளர் சொன்னது மட்டும்: நாலைந்து சொட்டு, விரலால் தேய்த்து, ஊறவிட்டு, மிச்சத்தைப் பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட வேண்டாம். முன்னது நாள்பட்டால் பிசுபிசுக்கும், பின்னது குளிரில் உறையும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கார்க் பக்கமே போகக்கூடாது. அதில் உள்ள கரைப்பான் கார்க்கில் ஊறிய எண்ணெயைக் கழுவிவிடும்.

கார்க்கா கார்பனா என்று கட்சி கட்டிச் சண்டை போடுபவர்கள், நாட்டிலஸ் நிறுவனம் இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டே டிராக் செய்திருப்பதைப் பார்க்கலாம்.

சூட்டை மறப்பது

5 கிலோ டிராக்கில் ஒரு ஜி.டி. 100 மீட்டர் ஓடினால் ரீலுக்குள் சேரும் வெப்பம் சுமார் 4,900 ஜூல். நொடிக்கு 8 மீட்டர் வேகம் என்றால் 12 நொடிக்குச் சுமார் 400 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதிச் சூடு, பிஸ்கட் அளவுத் தட்டில். அந்தச் சூடு 100 கிராம் அலுமினியத்துக்குள் பரவினால் அதன் வெப்பநிலை 54 டிகிரிதான் ஏறும், ரீல் தாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் எங்கே போகும்? டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக் 175 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். கார்க் சூட்டைக் கடத்தாது. அதனால் கார்க் ரீலில் சூடு முழுவதும் எதிரே இருக்கும் உலோகத் தட்டு வழியாகவே வெளியேற வேண்டும். அந்தத் தட்டு மெல்லியதாக இருந்தால் கார்க்கின் மேல்முகம் கருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும், பிறகு பிடிப்பு போய்விடும். போன்ஃபிஷுக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. ஜி.டி., சூரை என்றால் முதல் கவலையே இதுதான்.

மீன் ஓட ஓட ஸ்பூலில் லைன் குறைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுற்றின் விட்டம் 10 செ.மீ.லிருந்து 7-க்கு இறங்கினால், திருகைத் தொடாமலேயே 1.5 கிலோ டிராக் 2.1 கிலோ ஆகிவிடும்.

சீல் செய்தது என்றால் கவலையில்லை என்று விடுவது

சீல் எதை மூடுகிறது என்று கேட்க வேண்டும். சில ரீல்களில் டிராக் தட்டுகள் மட்டும் மூடியிருக்கும், ஸ்பூல் பேரிங்கும் ஒருவழிக் கிளட்சும் (லைனைச் சுற்றும்போது ஸ்பூலை விட்டுவிட்டு, மீன் இழுக்கும்போது மட்டும் அதை டிராக்கோடு கவ்வ வைக்கும் பாகம்) வெளியே இருக்கும். அந்தக் கிளட்சில் உள்ள உருளைகள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் அல்லாத எஃகு, உப்புக்கு முதல் பலி. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அதற்குள் கெட்டியான கிரீஸை அப்பினால் உருளைகள் கவ்வாமல் வழுக்கும். மீன் இழுக்கும்போது டிராக்கே இல்லாததுபோல் ஸ்பூல் சுழலும். அங்கே மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இரண்டாவது, வெயிலிலும் ஓட்டத்திலும் சூடேறிய ரீலை அப்படியே கடலில் முக்குவது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், சீலைத் தாண்டி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பைப்பின் வாயை அழுத்திப் பீய்ச்சிக் கழுவினாலும் இதே விளைவுதான். ரீல் ஆறட்டும். பிறகு மெதுவாக வழியும் நல்ல தண்ணீரில் ஸ்பூலைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவையுங்கள். ஈரமாகவே பைக்குள் போடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், காய்ந்த உப்புப் படலமும் தானே ஈரத்தை இழுத்து மறுபடி உப்புநீராகிவிடும். கடற்கரை ஊர்களில் அது தினசரி நடப்பு.

அந்த உப்புநீர் உள்ளே போய்விட்டால் கார்பன் தகடும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிக்கப்படுவது அலுமினியம்தான். நல்ல ரீல்களில் இரண்டுக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் தட்டோ கனமான அனோடைசிங்கோ (அலுமினியத்தின் மேல் உருவாக்கும் கெட்டியான ஆக்சைடு படலம்) இருக்கும்.

கடைசியாக, உதிரி. வேறு ரீலின் வாஷர் அளவாகப் பொருந்துகிறதே என்று போட்டுவிடுவார்கள். தடிமன் 0.2 மி.மீ. மாறினாலும் திருகு பிடிக்கத் தொடங்கும் இடம் தள்ளிப்போகும், மேல் எல்லையும் கீழ் எல்லையும் குழம்பும். ரீல் வாங்கும் அன்றே அதே மாடலுக்கான ஓ-ரிங் தொகுப்பு ஒன்று, கிளட்ச் ஒன்று, கார்க் ரீலானால் எண்ணெய்க் குப்பி ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். செஷல்ஸின் காஸ்மொலீடோ போன்ற பவளத் தீவில் ஒரு வாரம் தங்கி மீன்பிடிக்கும்போது ஓ-ரிங் பிய்ந்தால், வாங்கப் பக்கத்தில் கடை எதுவும் இல்லை.