மூட்டு மாற்று அறுவைக்குப் பின் பிசியோதெரபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பல குடும்பங்கள் நினைக்கின்றன. தேய்ந்துபோன எலும்புப் பரப்பை நீக்கிவிட்டு, உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் ஆன செயற்கை மூட்டை அறுவை மருத்துவர் பொருத்தித் தருகிறார். அந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எவ்வளவு நேராக நீளும், மாடிப்படி ஏற எவ்வளவு வலு தரும் என்பதெல்லாம் அடுத்த சில மாதங்களில் செய்யும் பயிற்சியைப் பொறுத்தே அமைகின்றன. இந்த மாதங்களில் நேரும் தவறுகளுக்கு அலட்சியத்தைவிட, பிசியோதெரபி என்றால் என்ன நடக்கும் என்பது முன்பே தெரியாததும், வீட்டாரின் மிதமிஞ்சிய பாசமும்தான் பெரும்பாலும் காரணம்.

"பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பார்கள், வலி போய்விடும்" என்ற எதிர்பார்ப்போடு வருபவர்கள் ஏராளம். வலியைத் தணிக்கும் மின்சிகிச்சை சிலருக்குச் சற்று நேரம் இதம் தரலாம். தொடைத் தசை சரியாக இயங்காத ஆரம்ப வாரங்களில் அதைத் தூண்டும் மின்சிகிச்சைக்கும் இடமுண்டு. ஆனால் எந்தக் கருவியும் நோயாளிக்குப் பதிலாக முழங்காலை மடக்கிப் பழக்காது. முதல் நாளில் கேள்விகள் கேட்பது, நடையைப் பார்ப்பது, கோணமானி வைத்து மூட்டின் அசைவை அளப்பது ஆகியவற்றிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடும். அதைப் பார்த்து "ஒன்றுமே செய்யவில்லை" என்று ஏமாற்றம் அடைய வேண்டாம். அந்த அளவுகள் இல்லாமல் பின்னால் முன்னேற்றத்தைக் கணக்கிட முடியாது. உடலில் உலோக மூட்டு இருப்பதையும், பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டயதெர்மி போன்ற ஆழ்வெப்பச் சிகிச்சையை உலோகம் பொருத்திய மூட்டின்மீது வைக்கக் கூடாது.

அதே நாளில், இந்தக் காலைக் கொண்டு என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழவும் படிகளில் ஏறி இறங்கவும் ஏறத்தாழ 90 முதல் 100 டிகிரி மடங்கினால் போதும். மூட்டு மாற்றியவர்களில் பலர் 110 முதல் 120 டிகிரி வரை எட்டுகிறார்கள். குந்தி உட்காருவதற்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பதோடு, தரையில் அமர்வதையும் குந்துவதையும் பல அறுவை மருத்துவர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள். ஆகவே வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, உயரமான நாற்காலி ஆகிய ஏற்பாடுகளை அறுவைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல் செய்யும் தவறு பார்வைக்குச் சாதுவானது: முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அறுவை முடிந்த கால் சற்று மடங்கிய நிலையில்தான் இதமாக இருக்கும். அம்மா வலியில் முனகுகிறாரே என்று மகளோ மருமகளோ ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். இரவு முழுவதும் கால் அப்படியே இருக்கும். சில வாரங்களில் மூட்டின் பின்புறத் திசுக்கள் அந்த நிலையிலேயே இறுகிவிட, நிற்கும்போதும் முழங்கால் முழுவதும் நீளாமல் போகிறது. நடை நொண்டுகிறது, தொடைத் தசை சீக்கிரம் களைத்துவிடுகிறது. தலையணையோ சுருட்டிய துண்டோ வைக்க வேண்டிய இடம் குதிகாலுக்கு அடியில். அப்படி வைத்து, முழங்கால் அந்தரத்தில் நிற்க, அதன் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவதே முதல் வாரத்தின் முக்கியப் பயிற்சிகளில் ஒன்று. மடங்குகிறதா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நீள்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

வலி விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. வலிக்கிறது என்று அசையாமல் கிடப்பவரின் மூட்டுக்குள் தழும்புத் திசு வளர்ந்து இறுகுகிறது. போதிய அளவு மடங்காத முழங்காலைச் சில நேரங்களில் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூட வருகிறது. மறுபுறம், பத்து நாளில் பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற வேகத்தில் சொன்னதைவிட இருமடங்கு செய்பவரின் மூட்டு வீங்கி, அந்த வீக்கமே தொடைத் தசையை இயங்கவிடாமல் தடுக்கிறது. பயிற்சியின்போது ஓரளவு வலி இருப்பது இயல்பு. மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் கூடியிருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வரும்படி வேளை அமைத்துக்கொள்வதும், பயிற்சி முடிந்தபின் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடத்தை 15 முதல் 20 நிமிடம் வைப்பதும் பெரிதும் உதவும்.

பிசியோதெரபிஸ்ட் உங்களோடு இருப்பது பெரும்பாலும் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோதான். மீதி நேரமெல்லாம் படுக்கைக்கே காபியும் டிபனும் வந்துகொண்டிருந்தால் அந்தச் சிறிது நேரப் பயிற்சி எடுபடாது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கெண்டைக்காலில் இரத்த ஓட்டத்தைத் தூண்டும் என்பதால், விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி அதைச் செய்யச் சொல்வார்கள். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, பலரும் அறுவை நடந்த காலின் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் சுமை குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை நடந்த கால் முதலில்.

தைலம் தேய்த்து நீவிவிடுவதற்கும், சொந்தக்காரர் ஒருவர் காலைப் பிடித்துப் பலவந்தமாக மடக்குவதற்கும் சம்மதிக்காதீர்கள். காயம் முழுமையாக ஆறாத இடத்தில் எண்ணெயும் அழுத்தமும் தொற்றுக்கு வழி செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வாரமே தடியை விட்டுவிட்டார் என்ற ஒப்பீடும் வேண்டாம். அறுவைக்கு முன் தசை எவ்வளவு வலுவாக இருந்தது, சர்க்கரை நோய் உண்டா, உடல் எடை என்ன என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வேகம் மாறும்.

மூட்டைச் சுற்றிச் சிறிது சூடும் வீக்கமும் சில மாதங்கள் நீடிக்கலாம். ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினாலோ, காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பிசியோதெரபிக்கு வரும் அடுத்த நாள்வரை காத்திருக்காமல் அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் நுரையீரலுக்கு இரத்தக்கட்டி சென்றதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வலி குறைந்ததும் பயிற்சியைக் கைவிடுவது மற்றொரு பரவலான தவறு. ஆறாவது வாரத்தில் நடக்க முடிகிறது என்பதற்காகத் தொடைத் தசை பழைய வலுவைப் பெற்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. முன்னேற்றம் ஒரு வருடம் வரைகூடத் தொடர்கிறது. செலவோ போக்குவரத்தோ தடையாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் வரும் நாட்களைக் குறைத்து வீட்டுப் பயிற்சியைக் கூட்டித் திட்டமிடலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி) அடங்கும் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பது பயன் தரும். எந்த வழியில் தொடர்ந்தாலும், எந்தப் பயிற்சியை எத்தனை முறை, எப்போது கூட்டுவது என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது இரண்டு வாரத்தில் பாதி மறந்துபோகும்.