வேலூர் வெயிலில் மின் பேனலைக் குளிர்விப்பது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத் தொழிற்கூடங்களில் பேனல் கதவைத் திறந்து போட்டு, எதிரே பெடஸ்டல் ஃபேனை ஓடவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மின்சாரம் பாயும் பஸ்பார் (உலோகப் பட்டை) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூசியும் நேராக உள்ளே போகிறது.

முதல் வேலை, உள்ளே எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று கணக்கிடுவது. 15 கிலோவாட் டிரைவின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) செயல்திறன் 97 சதவீதம் என்றால், முழு லோடில் ஏறக்குறைய 450 வாட் வெப்பமாக வெளியேறும். கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்), பவர் சப்ளை எல்லாம் சேர்த்து 500 வாட் என்று வையுங்கள். சரியான அளவு அந்தந்தக் கருவியின் கையேட்டில் இருக்கும்.

அடுத்து, பேனல் நிற்கும் இடத்தின் வெப்பநிலையைப் பிற்பகலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கையை நம்ப வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் சூடு வேறு. 42 டிகிரி என்று கொள்வோம். பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழுத் திறனில் ஓடும். அதற்கு மேல் 50 வரை லோடைக் குறைத்து ஓட்ட வேண்டும். டிரைவுக்குள் மின்னூட்டத்தைச் சேமிக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுளோ, 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

உள்ளே 47 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால், வேறுபாடு 5 டிகிரி. வாட்டை 3.1-ஆல் (காற்றுக்கான தோராய மாறிலி) பெருக்கி, இந்த வேறுபாட்டால் வகுங்கள்: மணிக்கு 310 கன மீட்டர் காற்று தேவை. ஃபில்டருடன் சேர்த்து அந்த அளவு தரும் ஃபேனாகப் பார்த்து வாங்குங்கள். அது கீழே இருந்து காற்றை உள்ளே தள்ள வேண்டும். வெளியேறும் வழி மேலே, எதிர்ப்பக்கம். டிரைவின் மேலும் கீழும் கையேடு சொல்லும் இடைவெளியை வயரிங் டக்ட் அடைத்துவிடக் கூடாது.

ஒன்றை மறக்காதீர்கள்: எவ்வளவு பெரிய ஃபேனானாலும் வெளிக்காற்றைவிடப் பேனலைக் குளிர்ச்சியாக்காது. 40 டிகிரிக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால் பேனல் ஏசிதான். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்கும் என் யோசனை அதுவே. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுப்பாக்கி அரித்துவிடும். அந்தக் காற்றை ஃபேன் வைத்து உள்ளே இழுக்கலாமா? ஏசி போட்டால் கேபிள் நுழையும் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை 35-இல் வையுங்கள். 20-க்கு இறக்கினால் கதவைத் திறந்தவுடன் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இத்தனை செய்தும் ஒரே மூலை கொதித்தால், அங்குள்ள டெர்மினலைப் பாருங்கள். வயரின் உறை நுனியில் பழுப்பேறி, விறைத்துப் போயிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். மெயினை அணைத்துப் பூட்டி, டிரைவ் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் இறங்கக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கை வைக்க வேண்டும். கருகிய நுனியை வெட்டிவிட்டு, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அடித்து, திருகைக் குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கச் சொல்லுங்கள்.

ஃபில்டரைக் கோடையில் வாரம் ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லையென்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.