18 நிமிடப் பாட்டைக் கேட்பது எப்படி: 70களின் ப்ரோக்ரெசிவ் ராக், முதல் மூன்று ஆல்பங்கள்

நீண்ட, பல பகுதிகளாக மாறிச் செல்லும் பாட்டுகளைக் கொண்ட ராக் வகையான ப்ரோக்ரெசிவ் ராக் கேட்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். பாட்டு எங்கே போகிறது என்று பிடிபடாததுதான் காரணம். நான்கு நிமிடப் பாட்டில் ஒரு நிமிடத்துக்குள் பல்லவி திரும்பி வந்துவிடும். 1972, 73இல் பிரிட்டிஷ் குழுக்கள் எழுதிய நீண்ட பாட்டுகளிலும் திரும்பி வரும் வரி உண்டு, ஆனால் வேறு வேகத்தில், வேறு வாத்தியத்தில், எட்டுப் பத்து நிமிடம் கழித்து வரும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் முழுப் பாட்டும் கைக்குள் வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: போனைச் சரிசெய்யுங்கள்

ஷஃபிள் வேண்டாம். கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) 0இல் வையுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் வசதி இருந்தால் போடுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் ஒரு பாட்டு முடியாமலே அடுத்த பாட்டுக்குள் இறங்கும். நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலே அந்த இணைப்பு உடைந்துவிடும்.

ஹெட்ஃபோன் கட்டாயம், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதே ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் இதயத் துடிப்பு ஏறக்குறைய கேட்காது, ஏதோ கோளாறு என்று நினைத்து வால்யூமைக் கூட்டுவீர்கள். இங்கேதான் இன்னொரு தவறும் நடக்கிறது. இந்த ஆல்பங்களில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி மிக அதிகம். மெல்லிய தொடக்கத்தைக் கேட்டு ஒலியளவை வைத்தால் ஒரு நிமிடத்தில் காது அடைத்துப்போகும். முதலில் பாட்டின் உரத்த பகுதிக்குத் தள்ளி, அங்கே வசதியான அளவை வைத்துவிட்டு, பிறகு 0:00க்கு வாருங்கள்.

பேருந்துப் பயணம் இதற்கு ஒத்துவராது. எஞ்சின் இரைச்சலில் மெல்லிய பகுதிகள் காணாமல் போய்விடும்.

படி 2: ஏழு எண்ணப் பழகுங்கள்

'டார்க் சைட்' 1973 மார்ச்சில் வந்தது. அதில் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கி வைக்கும் 'மனி' பாட்டை எடுங்கள். ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நாணயம் விழுவதும் காகிதம் கிழிவதும் கல்லாப்பெட்டி திறப்பதுமாக முதலில் சில சத்தங்கள் கேட்கும். அவை டேப்பை வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கைக்கு ஒரு சுற்றாகச் செய்தவை. அந்தச் சத்தத்தோடே எண்ணத் தொடங்குங்கள். பேஸ் கிட்டார் வந்து சேரும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள். பேஸில் இரண்டாவது எண்ணுக்கு மட்டும் இரண்டு சுரம் விழும், மற்ற எண்களுக்கு ஒவ்வொன்று.

கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய கை தானாகவே 3+4 என்று பிரித்துத் தட்டப் பார்க்கும். எண்ணிக்கை தப்பாது, ஆனால் இந்த பேஸ் வாக்கியம் மூன்றில் முறியாமல் ஏழையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அதனால் 'தகிட தகதிமி' போன்ற சொற்கட்டு வேண்டாம். ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, ஒன்றில் மட்டும் தொடையில் தட்டுங்கள்.

சாக்ஸஃபோன் தனி (சோலோ) முடியும்வரை ஏழுதான். மூன்றாம் நிமிடத்தை ஒட்டி டேவிட் கில்மோரின் கிட்டார் தனி தொடங்கும்போது உங்கள் எண்ணிக்கை குழம்பும். குழம்புவது சரியே, அங்கே தாளம் நான்குக்கு மாறிவிட்டது. தனி முடிந்ததும் ஏழு திரும்பும். அந்த இரண்டு மாற்றங்களும் எந்த நொடியில் நடக்கின்றன என்று உங்கள் காதால் சொல்ல முடிந்தால் இந்தப் படி முடிந்தது. மூன்று நான்கு முறை கேட்க வேண்டியிருக்கும்.

படி 3: ஒரு முழுப் பக்கம்

யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்', 1972 செப்டம்பர். மொத்தம் மூன்றே பாட்டு. ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடி ஒரு பக்கத்தையே நிரப்புகிறது. தேடும்போது கவனம்: பிந்தைய பதிப்புகள் சிலவற்றில் 'டோட்டல் மாஸ் ரிட்டெய்ன்' என்ற பெயரில் சிங்கிளுக்காக வெட்டிய சிறு துண்டு தனியாக இருக்கும். அது இந்தப் பாட்டின் ஒரு பகுதி மட்டும்.

முதல் தடவை எதையும் படிக்காமல், நிறுத்தாமல் கேளுங்கள். பாடல் வரிகளைத் தேடி எடுக்க வேண்டாம். பாடகர் ஜான் ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்கு நிகராக ஓசைக்காகவும் தேர்ந்தெடுப்பவர். அர்த்தம் தேடிக்கொண்டே கேட்டால் இசை கை நழுவும்.

இரண்டாம் தடவை, கீழே உள்ள வழியோடு கேளுங்கள். பதிப்பைப் பொறுத்துச் சில நொடிகள் முன்பின் ஆகும்.

முதல் ஒரு நிமிடம் பறவைகள், ஓடும் நீர். பிறகு குழு மொத்தமும் ஒன்றாகப் பாயும். கிட்டாரும் பேஸும் ஒன்றையொன்று துரத்தும், திடீரென்று குரல்கள் சேர்ந்து 'ஆ' என்று அதை வெட்டும். நிறையப் பேர் விட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். இங்கே எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள், பேஸை மட்டும் பிடியுங்கள். கிறிஸ் ஸ்க்வையர் ரிக்கன்பேக்கர் பேஸை விரலால் மீட்டாமல் பிக்கால் அடிப்பார். ஒலி கூர்மையாக, கம்பி அதிர்வது கேட்கும்படி இருக்கும். புதியவர்கள் அதை இன்னொரு கிட்டார் என்றே நினைத்துவிடுகிறார்கள். தாழ்வான சுரத்தில் உறுமிக்கொண்டு ஓடுவது எதுவோ அதுதான் பேஸ்.

மூன்றாம் நிமிடத்தை ஒட்டி ஸ்டீவ் ஹவ்வின் கிட்டார் ஒரு தெளிவான மெட்டை வாசிக்கும். அதை வாய்விட்டு முணுமுணுங்கள். நான்காம் நிமிடத்தில் பாடுவது தொடங்கும். சரணத்தின் கடைசியில் 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்' என்று வரும். நாம் தேடிய திரும்பி வரும் வரி இதுதான்.

சுமார் 6 நிமிடத்தில் இரண்டாம் பகுதி. வேகம் கூடுகிறது, அவ்வளவே. 8½ நிமிடத்தில் எல்லாம் அடங்கும், நீர் சொட்டுவது போன்ற சத்தங்கள் மிஞ்சும். இங்கே இடது, வலது காதுகளைத் தனித்தனியாகக் கவனியுங்கள். ஆண்டர்சன் ஒரு வரி பாட, ஸ்க்வையரும் ஹவ்வும் வேறு வரிகளை அதன்மேல் பாடுகிறார்கள். நீங்கள் பிடித்து வைத்த அதே வரி இப்போது மெதுவாக, பிரார்த்தனை போல வருகிறது. 12ஆம் நிமிடத்தில் ஒரு தேவாலய ஆர்கன் திறக்கும். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அதை லண்டன் கிரிப்பிள்கேட் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வாசித்துப் பதிவு செய்தார். குழாய்க்குள் காற்று நிறைந்து ஒலி எழுவதைக் கேட்டால் ஹாமண்ட் என்ற மின் ஆர்கனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே முறையில் விளங்கிவிடும். 14 நிமிடத்துக்கு மேல் குழு திரும்பி வருகிறது, ஹாமண்ட் தனி அதற்குப் பின்னால். கடைசியில் மூன்றாம் முறையாக அந்த வரி உச்சத்தில் எழுந்து, பறவைகளிடமும் நீரிடமும் போய் அடங்குகிறது.

இதை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. துண்டு துண்டாகப் பதிவு செய்து, ஒலிப்பொறியாளர் எடி ஆஃபர்ட் டேப்பை வெட்டி ஒட்டினார். திருப்பங்கள் அத்தனை சட்டென்று நடக்க அதுவும் ஒரு காரணம்.

இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய பதிவுகளின் ஒலிகளை மறுபடி கலந்து 2013இல் செய்த புது மிக்ஸும் கிடைக்கிறது. முதலில் பழைய மிக்ஸையே கேளுங்கள். அடியில் மறைந்திருந்த குரல்கள் புதியதில் தெளிவாகத் தெரியும், ஆனால் பழையதைப் பழகின காதுக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும்.

படி 4: மெலட்ரானை அடையாளம் காணுங்கள்

ஜெனிசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்', 1972 அக்டோபர். முதல் பாட்டின் தொடக்கத்தில் வயலின் கூட்டம் போலத் தொனிக்கிறதே, அது மெலட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு, அதில் முன்பே பதிவான ஒரு சுரம். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். சுமார் எட்டு நொடியில் டேப் தீர்ந்துவிடும், விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சுரம் லேசாக நடுங்குகிறது, எந்தச் சுரமும் அளவுக்கு மேல் நீள்வதில்லை.

இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'சப்பர்ஸ் ரெடி', ஏழு பகுதிகள், சுமார் 23 நிமிடம். 15½ நிமிடத்தில் ஒன்பது எண்ணிக்கை தொடங்கும். இங்கே சொற்கட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது: தகிட, தக, தகதிமி. பேஸும் டிரம்ஸும் இந்த 3+2+4ஐ விடாமல் பிடித்திருக்க, மேலே டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதற்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் போகும். ஆர்கனைப் பின்தொடர்ந்தால் தாளம் தவறிவிடும். கை அடியில் இருக்கட்டும், காது மேலே போகட்டும். 20ஆம் நிமிடத்துக்கு அருகில் பாட்டின் முதல் பகுதி மெட்டு திரும்பும்போது தெரிந்துகொள்வீர்களா என்பதுதான் சோதனை. தெரியவில்லையென்றால் முதல் நான்கு நிமிடத்தை மட்டும் மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். மூன்று ஆல்பங்களையும் ஒரே மாலையில் கேட்டால் காது களைத்து, எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

அடுத்து

ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972): ஒரே பாட்டு, இரண்டு பக்கம். அக்கூஸ்டிக் கிட்டாரும் புல்லாங்குழலும் இருப்பதால் எளிதாக ஒட்டிக்கொள்ளும். எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்' (1971) ஐந்து எண்ணிக்கையில் தொடங்கும். கிட்டாரைவிட கீபோர்டு பிடிக்கும் என்றால் அதற்குப் போங்கள்.

கிங் கிரிம்சனின் 'ரெட்' (1974) கடைசியில் இருக்கட்டும். அதன் இறுதிப் பாட்டான 'ஸ்டார்லெஸ்' நடுவே குரல் ஓய்ந்ததும் 13 எண்ணத் தொடங்குங்கள். கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒரே சுரத்தை இரண்டு கம்பிகளில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பார், நிமிடக்கணக்கில். சுரம் எப்போது ஒரு படி ஏறுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசிக் கோடுகள் வரும்போது உங்கள் கையும் அழுத்தி எழுதிக்கொண்டிருக்கும்.