கிளினிக் மூடினாலும் மனநல சிகிச்சையை விடாமல் தொடர்வது எப்படி?

2020-ல் கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்தது. அவற்றில் 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டிருந்தன, அல்லது நின்றே போயிருந்தன. இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் இதே கதைதான் நடக்கும். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், கீழே உள்ள முதல் இரண்டு படிகளை இந்த வாரமே முடித்து வையுங்கள்.

படி 1: ஒரு தாள்

மருந்துகளின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், ஒவ்வாமை, கடைசி ரத்தப் பரிசோதனை தேதி, மருத்துவரின் எண். கையால் எழுதினால் போதும். அதைப் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்புங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே காய்ச்சலில் படுத்திருக்கலாம். அப்போது உங்களை முன்பின் பார்த்திராத ஒருவர்தான் போனில் பேசுவார். "சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒன்று" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

படி 2: மருந்து

வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்களுக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். ஆனால் தற்கொலை எண்ணம் வந்துபோகிறவர் கையில் அவ்வளவு மாத்திரை மொத்தமாக இருக்கக் கூடாது. அவருக்கு வாரா வாரம் வாங்குவதே மேல், இல்லையென்றால் வேறொருவர் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கட்டும்.

தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக்கேடும் வரலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் டயஸெபாம் வகை மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டு ஒரேயடியாக விட்டால் வலிப்புகூட வரலாம். பத்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே போன் செய்துவிடுங்கள்.

போனில் முடியாத விஷயங்களும் உண்டு. மாதம் ஒருமுறை போடும் ஊசி அப்படித்தான். கிளினிக் மூடினால் எங்கே போய்ப் போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவருக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். கை பலமாக நடுங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனச்சிதைவு நோய்க்கு க்ளோசபின் என்ற மருந்து சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், பெருந்தொற்று நேரத்தில் எல்லோரும் கிருமியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் அந்த மருந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: பேச ஓர் இடம்

என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். போன் இருக்கிறது, நெட் இருக்கிறது, மருத்துவரும் தயார். ஆனால் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். மாமியாரைப் பற்றியோ கணவரைப் பற்றியோ சொல்ல வேண்டியதை அவர்கள் காதில் விழும்படி எப்படிச் சொல்வது? மாடிப்படி, நிறுத்தி வைத்த கார், குழாயைத் திறந்துவிட்ட குளியலறை, எது கிடைக்கிறதோ அது. கதவுக்கு வெளியே ரேடியோவைப் பாடவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. எங்குமே இடம் இல்லையென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் 'ஆமாம், இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும்படி மருத்துவர் கேள்வி கேட்கலாம். வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால், யாராவது பக்கத்தில் வந்தவுடன் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை மருத்துவரோடு முன்பே பேசி வையுங்கள். "சரி, அப்புறம் பேசலாம்" என்பது போல ஏதாவது.

படி 4: அழைப்பு

வீடியோ இருந்தால்தான் சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். பலருக்குக் குரல் போதும். முகம் தெரியாதபோது சிலர் இன்னும் மனம்விட்டுப் பேசுவார்கள். தொடங்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: இப்போது எங்கே இருக்கிறீர்கள், லைன் அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும். ஏதாவது ஆபத்து என்றால் உதவி அனுப்ப மருத்துவருக்கு முகவரி தேவை.

படி 5: ஸ்மார்ட்போன் இல்லாதவர்

முதலில் சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் விசாரிப்பில், பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் தொலைபேசி, இணையம் வழி சிகிச்சைக்கு மாறியிருந்தன. ஏழை நாடுகளில் பாதிகூட இல்லை. உங்கள் தெருவிலும் இந்த இடைவெளி இருக்கும். தெரிந்தவர் யாருக்காவது போனைக் கொடுத்து உதவினால், நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காது கேளாதவருக்கு எழுத்தில் பேசும் வழி இருக்கிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

படி 6: நிலைமை முற்றினால்

சாக வேண்டும் என்று திட்டத்தோடு பேசுகிறார், நாள் கணக்கில் தூங்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, இல்லாத குரல்கள் கேட்டு நடுங்குகிறார் என்றால் அடுத்த அழைப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். தொற்று பயத்தால் வீட்டிலேயே வைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, படி 1-ல் எழுதிய தாளோடு அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.