ஆங்கில வகுப்பில் பணத்தைப் பற்றிப் பேசப் பழக்குவது எப்படி?

சொற்பட்டியலோடு தொடங்க வேண்டாம். முதலில் காதைப் பழக்குங்கள். விலையைச் சரியாகச் சொல்பவர்கள்கூடக் கேட்கும்போது தடுமாறுவார்கள். ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டையும் தனியாகச் சொல்லும்போது முன்னதில் கடைசி அசை அழுத்தம் பெறும், பின்னதில் முதல் அசை. பத்து விலைகளை இயல்பான வேகத்தில் வாசியுங்கள். மாணவர்கள் இலக்கத்தில் எழுதட்டும். 4.50-ஐ ‘ஃபோர் ஃபிஃப்டி’ என்று வாசித்தால் சிலர் 450 என்று எழுதுவார்கள். எந்தப் பொருளின் விலை என்று தெரிந்தால்தான் இது தெளியும் என்பதை அங்கேயே காட்டிவிடுங்கள்.

அடுத்து ‘லெண்ட்’, ‘பாரோ’. தமிழர்களுக்கு இரண்டுமே ‘கடன்’தான் என்பதால் இந்தக் குழப்பம் தீர நாளாகும். நீட்டி விளக்குவதைவிட, இருவரை எதிரெதிரே நிறுத்தி ஒரு பேனாவைக் கைமாற்றச் சொல்லுங்கள். கொடுப்பவர் ‘ஐ லெண்ட் இட் டு யூ’ என்பார். வாங்குபவர் ‘ஐ பாரோ இட் ஃப்ரம் யூ’ என்பார். ‘டு’, ‘ஃப்ரம்’ இரண்டையும் வினையோடு சேர்த்தே பழக்காவிட்டால் ‘பாரோ மீ’ என்ற பிழை ஒட்டிக்கொள்ளும்.

இதேபோலச் சேர்த்தே பழக்க வேண்டியவை: ‘ஸ்பெண்ட்’டுக்கு ‘ஆன்’, வாங்கும் பொருளைச் சொல்லும்போது ‘பே’க்கு ‘ஃபார்’, ‘மணி’க்கு ‘ஹௌ மச்’.

பிறகு உரையாடல். யாருடைய உண்மையான சம்பளத்தையும் கேட்காதீர்கள்; கூச்சத்தில் வகுப்பே வாய்மூடிவிடும். கற்பனை நபர் ஒருவரின் வருமானம், வாடகை, கடன் எழுதிய அட்டையைக் கொடுத்து, அவருடைய மாதச் செலவை இருவர் இருவராகத் திட்டமிடச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசி 5 நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், மாணவர்களே திருத்தட்டும்.